நடக்காத சண்டையில் விழுந்தார் முகமது அலி!

13-வது ரவுண்டு.

முகமது அலி களைத்து நிற்கிறார். எதிரே ராக்கி மார்சியானோ. குட்டையான உருவம், உருண்டு திரண்ட தோள்கள். குனிந்தபடியே நெருங்கி வருகிறார். குத்து மேல் குத்து விழுகிறது. அலி சாய்கிறார். நடுவர் எண்ணத் தொடங்குகிறார். ஒன்று... இரண்டு... மூன்று... பத்து!

அலி எழுந்திருக்கவில்லை. தோற்றுவிட்டார்!

1970-ம் ஆண்டு ஜனவரி 20-ந்தேதி இரவு அமெரிக்காவிலும் கனடாவிலும் மக்கள் இந்தக் காட்சியைக் கண்டார்கள். சுமார் 1,500 தியேட்டர்களில் ஒரே நாளில் அது காட்டப்பட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் கை தட்டினார்கள், சிலர் திட்டினார்கள்.

ஆனால், அந்தச் சண்டை நடக்கவே இல்லை!

திரையில் தெரிந்த இருவரும் உண்மையான ஆட்கள்தான். குத்திய கைகளும் அவர்களுடைய கைகள்தான். ஆனாலும் அது சினிமா. ஜெயித்ததாகக் காட்டப்பட்ட மார்சியானோ அன்று உயிரோடுகூட இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

ஏன் இப்படி ஒரு படம் எடுத்தார்கள்?

பழைய சாம்பியன் பெரியவனா, புதிய சாம்பியன் பெரியவனா? இந்தக் கேள்விக்குப் பதில் காணத்தான்.

எந்திரம் சொன்ன தீர்ப்பு

அமெரிக்காவில் மியாமி என்ற நகரம் இருக்கிறது. அங்கே மர்ரி வோரோனர் என்பவர் வானொலி நிகழ்ச்சிகள் தயாரித்து வந்தார். 1967-ம் ஆண்டு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

வெவ்வேறு காலத்து "ஹெவி வெயிட்" சாம்பியன்களை மோத விட்டால் என்ன? "ஹெவி வெயிட்" என்றால், எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவு. குத்துச் சண்டையில் எல்லாவற்றிலும் பெரிய பட்டம் அதுதான்.

செத்தவர்களை எழுப்பி மேடை ஏற்ற முடியாது. கிழவர்களை வாலிபர்கள் ஆக்கவும் முடியாது. ஆகவே, அவர் கம்ப்யூட்டரிடம் போனார். ஒவ்வொரு வீரருக்கும் எவ்வளவு வேகம், எவ்வளவு பலம், எவ்வளவு அடி தாங்குவார் என்று நிபுணர்களைக் கேட்டு மார்க்குப் போட்டார்கள். அந்த மார்க்குகளை எந்திரத்துக்குள் செலுத்தினார்கள். எந்திரம் கணக்குப் போட்டுச் சொன்னதை, நேரில் பார்த்துச் சொல்வதுபோல் வானொலியில் வர்ணித்தார்கள்.

மொத்தம் 16 சாம்பியன்கள். கடைசியில் மார்சியானோ முதலிடம் பெற்றார். அலியோ நடுவழியிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்ததாக எந்திரம் சொன்னது யாரைத் தெரியுமா? ஜிம் ஜெப்ரீசை!

அலிக்குக் கோபம் பொங்கியது. பத்து லட்சம் டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

கற்பனைச் சண்டைக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

ஜெப்ரீஸ் 1899-ம் ஆண்டு முதல் 1905-ம் ஆண்டு வரை சாம்பியனாக இருந்தவர். வெள்ளையர். சாம்பியனாக இருந்தபோது, கறுப்பர் எவரோடும் பட்டத்துக்காகச் சண்டை போட மறுத்தவர். அலி கறுப்பர். அதுவும் எந்தச் சமயத்தில் இந்த வானொலிப் போட்டி நடந்தது? 1967-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அலி அமெரிக்க ராணுவத்தில் சேர மறுத்தார். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றார். உடனே அவருடைய பட்டத்தைப் பறித்தார்கள். சண்டை போடும் லைசென்சைப் பறித்தார்கள். கோர்ட்டில் 5 ஆண்டு ஜெயில் தண்டனையும் விதித்தார்கள். அப்பீல் செய்து வெளியே இருந்தார். (1971-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.)

மேடைக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர் அவர். பதில் சொல்ல அவருக்கு ஒரு மேடை இல்லை. அந்த ஆளை, கறுப்பரோடு மோத மறுத்த ஒருவர் தோற்கடித்தார் என்று வானொலியில் சொன்னால் எப்படி இருக்கும்? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல் இருக்காதா?

டோப்பா வைத்த சாம்பியன்

வழக்கு சமரசத்தில் முடிந்தது. மார்சியானோவுடன் ஒரு சினிமாச் சண்டை போட அலி ஒப்புக்கொண்டார். கையில் பணம் இல்லாத காலம். சுமார் 10 ஆயிரம் டாலர் கிடைத்தது.

1969-ம் ஆண்டு மியாமியில் படப்பிடிப்பு. அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45. அவர் கடைசியாகச் சண்டை போட்டது 1955-ம் ஆண்டில். 49 சண்டைகள் போட்டு, 49-லும் ஜெயித்து, ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வு பெற்ற சாம்பியன் அவர். இடையில் உடம்பு பெருத்துவிட்டது. படத்துக்காகப் பாடுபட்டு எடையைக் குறைத்தார். தலை வழுக்கை. அதற்கு ஒரு டோப்பா வைத்துக்கொண்டார். அலியின் குத்தில் அந்த டோப்பா நழுவியதாக ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு.

ஒரு நிமிடம், ஒரு நிமிடமாக எழுபதுக்கு மேற்பட்ட ரவுண்டுகள் படம் பிடித்தார்கள். பொய் ரத்தம் பூசினார்கள். அலி ஜெயிப்பதுபோலவும் எடுத்தார்கள். மார்சியானோ ஜெயிப்பதுபோலவும் எடுத்தார்கள். எது உண்மையான முடிவு என்று இருவரிடமும் சொல்லவில்லை.

படப்பிடிப்பு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்டு 31-ந்தேதி மார்சியானோ சென்ற சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. மறுநாள் அவருக்கு 46-வது பிறந்த நாள்!

அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்தார். ஆனால் ஐரோப்பாவில் காட்டிய படத்தில் வேறு முடிவு. அங்கே அலி ஜெயித்தார்! ஒரே எந்திரம், ஒரே சண்டை, இரண்டு தீர்ப்பு! பார்க்க வந்தவர்களுக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டினார்கள் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

யாருடைய சட்டம்?

எந்திரத்தை விட்டுத் தள்ளலாம். மனிதப் புத்தியால் யோசித்தாலாவது பதில் கிடைக்குமா?

முதலில் ஒரு கேள்வி. சண்டை எந்தக் காலத்துச் சட்டப்படி நடக்கும்?

பட்டத்துக்கான சண்டை என்றால் இன்று 12 ரவுண்டு. ஒவ்வொன்றும் 3 நிமிடம். முன்பு 15 ரவுண்டு இருந்தது. 1982-ம் ஆண்டு நவம்பர் மாதம் கிம் டுக்-கூ என்ற தென் கொரிய வீரர் 14-வது ரவுண்டில் அடிபட்டு விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் 12 ஆகக் குறைத்தார்கள். அதற்கும் முன்னால் 20, 25, 45 ரவுண்டு என்றெல்லாம் பேசிச் சண்டை போட்டார்கள்.

இரண்டு மூன்று ரவுண்டு கூடினால், குறைந்தால் என்ன என்று நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது!

மார்சியானோ உலக சாம்பியன் ஆனது 1952-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி. ஜெர்சி ஜோ வால்காட் என்பவரை வீழ்த்தினார். முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர் கணக்கிலும் அவர்தான் பின்னால் இருந்தார். 13-வது ரவுண்டில் வலது கையால் ஒரே குத்து. வால்காட் சுருண்டார்.

ஜோ லூயிஸ் 1941-ம் ஆண்டு பில்லி கான் என்பவரோடு மோதினார். கான் மெலிந்த ஆள். ஆனால் மின்னல் வேகம். 12 ரவுண்டு வரை அவர் கைதான் ஓங்கியிருந்தது. 13-வது ரவுண்டில் லூயிஸ் அவரை அடித்து வீழ்த்தினார்.

இன்றைய சட்டப்படி 12 ரவுண்டோடு மணி அடித்திருந்தால்? இரண்டு பேருமே தோற்றிருப்பார்கள்! 49 சண்டையிலும் வெற்றி என்ற மார்சியானோவின் பெருமையே இருந்திருக்காது.

ஜாக் டெம்ப்சி கதை இன்னொரு விதம். 1919-ம் ஆண்டு அவர் ஜெஸ் வில்லார்டு என்ற ராட்சதனோடு மோதினார். வில்லார்டு ஆறரை அடி உயரம்; எடை 110 கிலோவுக்கு மேல். டெம்ப்சி 85 கிலோ. முதல் ரவுண்டிலேயே வில்லார்டு ஏழு தடவை விழுந்தார்! எப்படி? விழுந்தவர் எழுந்திருக்கும்வரை டெம்ப்சி பக்கத்திலேயே நின்றார். முழங்கால் தரையை விட்டு எழும்பியதும் மறுபடி அடித்தார். அன்று அது தவறல்ல. பிறகு சட்டம் மாறியது. எதிரியை வீழ்த்தியவர் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அதன் பிறகே நடுவர் எண்ணுவார். 1927-ம் ஆண்டு டெம்ப்சியே இதை மறந்தார். ஜீன் டன்னி என்பவரை வீழ்த்திவிட்டு மூலைக்குப் போகத் தாமதித்தார். டன்னிக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. எழுந்து, ஆடி, ஜெயித்தார்.

ஆகவே, அலியும் டெம்ப்சியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கேட்பவர் முதலில் 1919-ம் ஆண்டுச் சட்டமா, 1966-ம் ஆண்டுச் சட்டமா என்று சொல்ல வேண்டும்.

எந்த அலி?

அடுத்த கேள்வி, எந்த அலி?

1964-ம் ஆண்டு முதல் 1967-ம் ஆண்டு வரை இருந்த அலி ஒருவர். அவர் கால்களால் சண்டை போட்டார். மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடுவார். எதிரி குத்த வரும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். குத்து காற்றில் போகும். 1970-ம் ஆண்டு திரும்பி வந்த அலி வேறு ஒருவர். மூன்றரை ஆண்டுத் தடை அவருடைய கால்களின் வேகத்தைத் தின்றுவிட்டது. இந்த இரண்டாவது அலி அடி தாங்கித் தாங்கியே ஜெயித்தார். அதற்குக் கொடுத்த விலையைப் பிறகு பார்க்கலாம்.

முதல் அலியின் உச்சம், 1966-ம் ஆண்டு நவம்பரில் கிளீவ்லண்டு வில்லியம்சை மூன்றே ரவுண்டில் முடித்த சண்டை என்பார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், இந்த ஆளை எந்தக் காலத்திலும் யாரும் தொட முடியாது என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வில்லியம்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பிழைத்தவர். பழைய வில்லியம்ஸ் அல்ல.

அலிக்கு ஒரு குறை இருந்தது. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஆடுவார். எதிரியின் இடது கை வளைந்து வந்து தாடையில் விழும் குத்து அவருக்கு ஆகாது. 1963-ம் ஆண்டு லண்டனில் ஹென்றி கூப்பர் அப்படி அடித்தார், அலி விழுந்தார். 1971-ம் ஆண்டு நியூயார்க்கில் ஜோ பிரேசியர் அப்படி அடித்தார். அப்போதும் அலி விழுந்தார். இரண்டு தடவையும் எழுந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

இனி தீர்ப்புச் சொல்லலாம்.

மார்சியானோவிடம் அலி தோற்றிருக்க மாட்டார். உயரம் 6 அடி 3 அங்குலம் எங்கே, 5 அடி 10 அங்குலம் எங்கே? மார்சியானோவின் கை வீச்சு அலியினுடையதைவிடச் சுமார் 10 அங்குலம் குறைவு. எடையும் 10 கிலோ குறைவு. பக்கத்தில் வருவதற்குள் முகம் கிழிந்திருக்கும். 1954-ம் ஆண்டு எஸ்ஸார்டு சார்லசுடன் மோதியபோதே மார்சியானோவின் மூக்கு இரண்டாகப் பிளந்தது. ஆனாலும், 13-வது ரவுண்டுவரை அவர் முன்னால் வந்துகொண்டே இருந்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

லூயிஸ் அபாயமான ஆள். நெருக்கத்தில் அவரைப்போல் சுருக்கமாக, சுத்தமாகக் குத்தியவர் இல்லை. ஆனால் 77 கிலோ கூட இல்லாத பில்லி கான் 12 ரவுண்டு அவருக்குத் தண்ணீர் காட்டினார். 96 கிலோ அலிக்கு அது முடியாதா? இளம் அலிக்குப் புள்ளிக் கணக்கில் வெற்றி.

டெம்ப்சியின் இடது கையோ, அலிக்கு ஆகாத அதே கை! அலியின் சட்டப்படி என்றால் அலி. டெம்ப்சியின் சட்டப்படி என்றால், முதல் இரண்டு ரவுண்டில் அலி விழாமல் இருக்க வேண்டும். விழுந்தால் எழுந்திருக்க விடமாட்டார்.

ஜாக் ஜான்சனை எதில் சேர்ப்பது? 1908-ம் ஆண்டு உலக "ஹெவி வெயிட்" பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். எதிரியின் கையைப் பிடித்து, தடுத்து, சிரித்துப் பேசி, களைக்க வைத்து அடிப்பார். அலிக்கும் அவர்மேல் தனி மரியாதை உண்டு. 15 ரவுண்டில் அலி. 45 ரவுண்டு வெயிலில் ஜான்சன். இதற்குமேல் சொல்வது கடினம்.

பிந்திய காலத்து வீரர்கள் உருவத்தில் பெரியவர்கள், ஆகவே அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். அதுவும் சரியல்ல. 2024-ம் ஆண்டு டிசம்பரில் உக்ரைன் வீரர் உசிக், தம்மைவிட அரை அடி உயரமும் சுமார் 25 கிலோ எடையும் கூடிய டைசன் பியூரியைத் தோற்கடித்தார். அதே ஆண்டு மே மாதமும் அவரையே தோற்கடித்திருந்தார்.

நிஜமாகவே மோதினார்கள்!

இதுவரை சொன்னது எல்லாம் பேச்சு. திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாருக்கும் காயம் இல்லை.

ஆனால், பேச்சோடு நிற்காத நேரங்களும் உண்டு. பழைய சாம்பியனும் புதிய சாம்பியனும் நிஜமாகவே மேடையில் மோதியிருக்கிறார்கள். அந்தக் கதைகள்தான் மனதைச் சுடுகின்றன.

ஜான்சன் பட்டம் பெற்றதும் அமெரிக்க வெள்ளையர்களில் பலருக்குப் பொறுக்கவில்லை. ஜெப்ரீஸ் இருந்தால் விட்டிருப்பாரா என்று பேசினார்கள். ஜாக் லண்டன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளரே பத்திரிகையில் எழுதி அவரைக் கூப்பிட்டார். ஜெப்ரீஸ் அப்போது கலிபோர்னியாவில் பண்ணை வைத்து, நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சண்டையை விட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. உடம்பு மலைபோல் பெருத்திருந்தது. விட்டார்களா? முப்பது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, 35 வயதில் மேடை ஏறினார்.

1910-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி ரீனோ என்ற ஊரில் சண்டை. வாழ்க்கையில் ஒருநாளும் கீழே விழாத ஜெப்ரீஸ் அன்று விழுந்தார். 15-வது ரவுண்டில் அவருடைய ஆட்களே சண்டையை நிறுத்தச் செய்தார்கள். அன்று இரவு அமெரிக்காவின் பல ஊர்களில் கலவரம். வெறிகொண்ட கூட்டங்கள் கறுப்பர்களைத் தாக்கின. பலர் உயிர் இழந்தார்கள்.

ஜெப்ரீஸ் நேர்மையான மனிதர். தாம் நல்ல வாலிபத்தில் இருந்திருந்தாலும் ஜான்சனை ஜெயித்திருக்க முடியாது என்று பிறகு ஒப்புக்கொண்டார். அந்த ஜெப்ரீஸ்தான் அலியைத் தோற்கடித்ததாக, 57 ஆண்டுகளுக்குப் பிறகு எந்திரம் சொன்னது!

அடுத்தது ஜோ லூயிஸ். 1937-ம் ஆண்டு முதல் 1949-ம் ஆண்டு வரை, சுமார் 12 ஆண்டுகள் சாம்பியன். 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். உலகப் போரின்போது இரண்டு சண்டைகளில் கிடைத்த பணத்தை ராணுவ, கடற்படைக் குடும்பங்களின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அப்படிப்பட்டவரை வருமான வரிப் பாக்கி வாட்டியது. கடனை அடைக்க மறுபடி கையுறை மாட்டினார்.

1951-ம் ஆண்டு அக்டோபர் 26-ந்தேதி நியூயார்க்கில் அவருக்கு எதிரே நின்றவர் மார்சியானோ. லூயிசுக்கு வயது 37. மார்சியானோவுக்கு 28. 8-வது ரவுண்டில் லூயிஸ் கயிற்றைத் தாண்டி மேடையின் விளிம்பில் போய் விழுந்தார். தலை வெளியே, கால் உள்ளே. ஜெயித்த மார்சியானோ, சிறு வயது முதல் லூயிசைத் தெய்வமாக நினைத்தவர். உடை மாற்றும் அறையில் அவர் அழுதார்.

இந்தச் சண்டையை வைத்து, மார்சியானோ லூயிசைவிடப் பெரியவர் என்று யாராவது சொன்னால் அது கணக்கே அல்ல. மார்சியானோவே அப்படிச் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்.

சென்னையில் விளையாட்டு, லாஸ் வேகாசில்?

1980-ம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிசுடன் நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிச் சண்டை போட்டார். விளையாட்டுச் சண்டைதான். கூட்டம் அலைமோதியது. எம்.ஜி.ஆரும் அலியும் சந்தித்த படத்தை இன்றும் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அதே ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி லாஸ் வேகாஸ் நகரில் அலி நிஜச் சண்டைக்கு மேடை ஏறினார். வயது 38. எதிரி லாரி ஹோம்ஸ், வயது 30. முன்பு அலிக்குப் பயிற்சியில் எதிர் நின்று அடி வாங்கிய அதே ஹோம்ஸ்! நான்காம் முறை பட்டம் பெறப்போகிறார் அலி என்று விளம்பரம். நம்பியவர்கள் ஏராளம். மருந்து சாப்பிட்டு எடையைக் குறைத்திருந்தார். பார்வைக்கு உடம்பு கட்டாக இருந்தது. உள்ளே சக்தி இல்லை.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். குத்துச் சண்டை மேடையில் அந்தப் பழமொழி செல்லாது. பத்து ரவுண்டு அலி அடி வாங்கினார். திருப்பி அடிக்க முடியவில்லை. ஹோம்சே நடுவரைப் பார்த்தார், நிறுத்த மாட்டாரா என்று. கடைசியில் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் கண் கலங்கினார். 1951-ம் ஆண்டு மார்சியானோ அழுத அதே அழுகை!

சண்டைக்கு முன்பே அலியின் பேச்சு குழறுவதாக நண்பர்கள் கவலைப்பட்டார்கள். டாக்டர்கள் சோதித்தார்கள். அந்தச் சோதனைக்குப் பிறகும் லைசென்ஸ் கொடுத்தார்கள். மறு ஆண்டு பஹாமாஸ் தீவில் இன்னொரு சண்டைக்கும் அவரை இறக்கினார்கள். அதிலும் தோல்வி. 1984-ம் ஆண்டு நடுக்குவாத நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 32 ஆண்டுகள் அந்த நோயோடு வாழ்ந்து, 2016-ம் ஆண்டு ஜூன் 3-ந்தேதி அலி காலமானார்.

ஒரே ஒருவர் தப்பினார்

இதற்கு விலக்கே இல்லையா? இருக்கிறது. ஜார்ஜ் போர்மன்.

1974-ம் ஆண்டு ஆப்பிரிக்காவில் அலியிடம் பட்டத்தை இழந்தவர் அவர். பிறகு சண்டையை விட்டு, பாதிரியார் ஆனார். பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். 1994-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி 26 வயது மைக்கேல் மூரரை எதிர்த்தார். போர்மனுக்கு வயது 45! அலியிடம் தோற்ற அன்று போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு வந்தார். 9 ரவுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். 10-வது ரவுண்டில் வலது கையால் ஒரு குத்து. மூரர் எழுந்திருக்கவில்லை.

போர்மன் ஜெயித்தது நல்ல கதை. ஆனால் அந்தக் கதையைக் காட்டித்தான் அதன் பிறகு எத்தனையோ பழைய வீரர்களை மேடைக்கு இழுக்கிறார்கள். லாட்டரியில் ஒருவனுக்குப் பரிசு விழுந்ததைக் காட்டி ஊரையே சீட்டு வாங்க வைப்பதுபோலத்தான் இது.

இங்கே குற்றம் கிழட்டு வீரனுடையது அல்ல. அவனுக்குப் பணம் வேண்டும். அல்லது பழைய கைதட்டல் வேண்டும். டிக்கெட் வாங்குகிறவரைக்கூட மன்னிக்கலாம், அவருக்கு ஆசை. லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரிகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆசை? வேண்டாம் என்று சொல்வதற்காகவே அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். 1980-ம் ஆண்டு சொல்லவில்லை. இப்போதும் சொல்வதில்லை.

2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மைக் டைசன் மேடை ஏறினார். 1986-ம் ஆண்டு 20 வயதில் சாம்பியன் ஆனவர். இப்போது வயது 58. முறையான சண்டை போட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரி ஜேக் பால், வயது 27. வீடியோக்கள் போட்டுப் பெயர் வாங்கிய பையன். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய டைசன் வருவாரா?

முதல் ஓரிரு ரவுண்டில் சற்றுத் தெரிந்தார். பிறகு கால்கள் நகரவில்லை. ரவுண்டுக்கு இரண்டே நிமிடம் என்று குறைத்தும் பயன் இல்லை. 8 ரவுண்டு முடிவில் மூன்று தீர்ப்பாளர்களும் பால் ஜெயித்ததாகச் சொன்னார்கள். கடைசி மணி அடிக்கச் சில வினாடிகள் இருந்தபோது, பால் கைகளை இறக்கிவிட்டு டைசனுக்குத் தலை வணங்கினார்.

மறுநாள் டைசன் ஒரு செய்தி வெளியிட்டார். அந்த ஆண்டு ஜூன் மாதம் தாம் சாகக் கிடந்ததாகவும், உடம்பில் பாதி ரத்தம் போய்விட்டதாகவும், எட்டு முறை ரத்தம் ஏற்றியதாகவும் அதில் சொன்னார்.